நான் பகலாக்கிய ராத்திரி

மைனி,

போன வியாழக்கிழமை பியூலா அனுப்பிய பார்சல் வந்தது. பிரித்தவுடன் நான் செய்த முதல் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். டிஸ்க்கைப் பார்க்கவில்லை. உறைக்குள் மடித்து வைத்திருந்த தாளை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டேன். நல்ல மை, நல்ல ஆர்ட் பேப்பர். முப்பது வருஷமாகச் சிவகாசியில் அச்சுத் தாளோடு கிடப்பவனுக்கு எதையும் மோந்து பார்க்காமல் வாசிக்க வராது. அண்ணன் கதவோரம் நின்று, "ஏலே, அதென்ன கருவாடா? மோந்துக்கிட்டே நிக்கிற. என்ன படம்னு பாரு" என்றார். பார்த்தேன். அட்டையில் ஒரு ரயில்வே கேட், பக்கத்தில் பெரிய மீசைக்காரர், அவருக்குப் பின்னால் ஒரு கழுதை. நம் ஆள்தான். உங்கள் மகள் கூடவே ஒரு துண்டுச் சீட்டும் வைத்திருந்தாள். "சித்தப்பா, இது புதுசா சீர் செஞ்ச பிரதி. இந்தத் தடவையாவது ரிமோட்டைத் தொடாம இருங்க."

அண்ணன் அந்தச் சீட்டை வாங்கி வாசித்துவிட்டுப் பெரிதாகச் சிரித்தார். பிறகு உள்ளே போய் ரொம்ப நேரம் முகம் கழுவினார்.

அன்றைக்கே உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை படத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட்டது நல்லதாகப் போயிற்று, ஞாயிற்றுக்கிழமை நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் முதலில் பழைய கதை. உங்களுக்குத் தெரிந்த கதைதான். நான் சொல்லும்போது நீங்கள் குறுக்கே பேச முடியாது என்கிற ஒரே வசதிக்காகவே அதை மறுபடியும் சொல்கிறேன்.

உங்கள் காதைப் பற்றித்தான் தொடங்க வேண்டும். பெரியாஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு நர்ஸாக இருந்தபோது, வராந்தாவில் நடந்து போகிற போக்கிலேயே உள்ளே எந்தப் பிள்ளைக்கு நெஞ்சில் சளி இழுக்கிறது என்று சொல்லிவிடுவீர்களாம். உங்களோடு வேலை பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்கள். நான் பார்த்தது வேறு. நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். எங்கள் அடுப்படியில் குக்கர் கத்தினால் உங்கள் வீட்டிலிருந்து கணக்கு வரும். "கொளுந்தனாரே, ஏழு விசில் ஆச்சு, பருப்பு கஞ்சியாப் போச்சு, போய் அமத்துங்க!" என் வீட்டுக்காரிக்கு முதலில் கோபம் வரும். பிறகு பழகிவிட்டது. வெளியே போகும்போது, "அக்கா, அடுப்புல சோறு இருக்கு, காது குடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போகும் அளவுக்குப் பழகிவிட்டது.

அந்தக் காது நீங்கள் ஓய்வு பெற்ற இரண்டாவது வருஷத்தில் மங்கத் தொடங்கியது. நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை. சபைப் பாடகர் குழுவிலிருந்து நின்றீர்கள். "தொண்டை சரியில்ல" என்றீர்கள். கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினீர்கள். "மண்டபத்துச் சாப்பாடு ஒத்துக்கல" என்றீர்கள். எதிரே பேசுகிறவர் சிரித்தால் நீங்களும் சிரித்தீர்கள், அவர் முகம் வாடினால் "அடப் பாவமே" என்றீர்கள். எங்கள் பெரியம்மா, தன் பேரனுக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டே உங்களிடம் சொன்னதும், நீங்கள் அவர் கையைப் பிடித்து "அடப் பாவமே, எப்படி ஆச்சு?" என்று கேட்டதும் நினைவிருக்கிறதா? கூட்டம் மொத்தமும் சிரித்துவிட்டது. நானும் சிரித்தேன். நீங்கள் கூட்டத்தோடு உட்கார்வதை விட்டது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு பின் ரூமுக்குக் குடிபோனீர்கள். முதலில் கட்டில் போனது. அப்புறம் தட்டு, தண்ணீர்ச் செம்பு, பைபிள், தையல் டப்பா. பியூலா வாங்கிக் கொடுத்த காது மிஷினை ஒரு வாரம் மாட்டிப் பார்த்துவிட்டு, "தகரத்துல கல்லைக் கொட்டுற மாதிரி இருக்கு" என்று அலமாரியில் போட்டீர்கள். அண்ணன் ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் கத்திக் கத்திப் பேசிப் பழகியவர். அவர் டிவியைத் தெருவுக்கே கேட்கும்படி வைத்துவிட்டு, சீரியலில் யார் என்ன சொன்னார்கள் என்று உங்கள் காதுக்குள் கத்துவார். நீங்கள் கையை உதறி, "என்னைய விடுங்க. நீங்க பாருங்க" என்று எழுந்து போய்விடுவீர்கள். ஒரு நாள் அண்ணன் என்னிடம் வந்து, வழக்கத்துக்கு மாறாகக் குரலைத் தாழ்த்தி, "அவ வீட்டுலதாம்லே இருக்கா. ஆனா எனக்கு அவளைக் காணோம்" என்றார். அவர் தாழ்ந்த குரலில் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குப் பயமாகிவிட்டது. உங்களை அந்தப் பின் ரூமிலிருந்து எப்படித் திரும்பக் கூட்டி வருவது என்பதைத் தவிர இரண்டு வீட்டிலும் அந்த வருஷம் வேறு பேச்சில்லை.

பியூலாவுக்குத்தான் வழி தோன்றியது. அவள் நர்ஸாக வேலை பார்க்கும் ஜெர்மனி ஊரில், முதியோர் இல்லத்தில் பழைய ஊமைப்படங்களைப் போடுவார்களாம். காது கேட்பவர்களும் கேட்காதவர்களும் ஒரே நேரத்தில் சிரித்ததைப் பார்த்திருக்கிறாள். மூன்று டிஸ்க்குகளும் அதை ஓட்டுகிற ஒரு பிளேயரும் வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினாள். நூறு வருஷத்துக்கு முந்தைய படச்சுருள்களைத் தேடி எடுத்து, கீறல் நீக்கி, அழுக்குத் துடைத்து, புத்தம் புதிதாக்கிய பிரதிகள். படத்துக்கு நடுவே வரும் எழுத்து அட்டைகள் ஜெர்மன் மொழியில் இருந்தன. எங்களில் யாருக்கும் ஒரு எழுத்தும் தெரியாது. அதனால் என்ன, பேச்சுதான் கிடையாதே என்று அண்ணன் உங்களைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக முன் ரூமுக்குக் கூட்டி வந்தார்.

படம் தொடங்கியதும் பியானோ சத்தம் வந்தது. அண்ணன் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைச் சுத்தமாக அடைத்தார். "அவளுக்குக் கேக்காதது நமக்கு எதுக்கு?" என்றார். உங்களுக்கு அது கேட்கவில்லை. அதனால்தான் இப்போது சொல்கிறேன்.

அடுத்து ரிமோட் என் கைக்கு வந்தது. இங்கேதான் என் கூத்து. படத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரு பக்கம் பரவசம். நான் அச்சகத்தில் சேர்ந்த புதிதில், நெகட்டிவில் விழுந்த ஊசித் துளைகளை நுனித் தூரிகையில் மை தொட்டு ஒவ்வொன்றாக அடைப்பதுதான் எனக்குக் கொடுத்த வேலை. ஒரு பட்டாசு லேபிளுக்கே கண் பூத்துப்போகும். இந்தப் புண்ணியவான்கள் ஒரு முழுப் படத்துக்கும் ஃபிரேம் ஃபிரேமாக உட்கார்ந்து அடைத்திருக்கிறார்கள். மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டேன். ஆனால் பத்து நிமிஷம் போனதும் திரை முழுக்க நீலமாகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து மஞ்சளாகியது. மறுபடி நீலம். கறுப்பு வெள்ளைப் படத்தில் நீலம் எங்கிருந்து வரும்? சயன் என்கிற நீல மை தூக்கலாக விழுந்த தாளைக் கண்டால் ஓடுகிற மிஷினை நிறுத்தச் சொல்கிறவன் நான். என் கண்ணுக்குத் தப்பி ஒரு லேபிள் சிவகாசியை விட்டுப் போனதில்லை என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. "இவ்வளவு வேலை பார்த்துட்டுக் கலர்ல கோட்டை விட்டுட்டானுகளே" என்று சொல்லிக்கொண்டே டிவியின் கலரைப் பூஜ்யத்துக்கு இறக்கினேன். நீலமும் போயிற்று, மஞ்சளும் போயிற்று. கண்ணாடி மாதிரி கறுப்பு வெள்ளை. நீங்கள்கூடத் திரும்பி, "இப்பத் தெளிவா இருக்கு கொளுந்தனாரே" என்று பாராட்டினீர்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

அப்படித்தான் நாம் ரயில்வே கேட்டுக்காரர் படத்தைப் பார்த்தோம். தேவாலயத்து மணியை ஒரு திருடன் கழற்றிக்கொண்டு போகிறான். கேட்டுக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். பட்டப்பகல். திருடன் அவர் மூக்குக்கு முன்னாலேயே மணியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறான். அவர் பேசாமல் இருக்கிறார். பிறகு எழுந்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நடந்து, பால்காரியின் கழுதை மேல் முட்டி, அதன் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, பெரிய மனிதர் யாரோ என்று தொப்பியைக் கழற்றி வணக்கம் வைக்கிறார். அண்ணன் கேட்டார், "இவனுக்கு என்னலே கேடு? எதுத்தாப்புல போறான், பாக்க மாட்டேங்கானே!"

நீங்கள் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தீர்கள். கேள்வி உங்களுக்குக் கேட்டிருக்காது, ஆனால் பதில் உங்களிடமிருந்துதான் வந்தது. நர்ஸ் குரல். பல மாதமாக நாங்கள் கேட்காத குரல்.

"அவனுக்குக் கண்ணு தெரியல. நடையைப் பாருங்க. ரெண்டு கண்ணுலயும் புரை விழுந்திருக்கு."

அவ்வளவுதான், படம் விளங்கிவிட்டது. திருடன் ஏன் பகலில் லாந்தர் விளக்கு வைத்திருக்கிறான் என்று நான் கேட்டதற்கு, ஜெர்மனியில் பனி மூடினால் பகலும் இருட்டு என்று அண்ணன் தீர்ப்பு சொன்னார். போலீஸ்காரனும் ஏன் சுவரில் முட்டுகிறான் என்று விரலால் காட்டிக் கேட்டதற்கு, "குடிச்சிருக்கான்" என்றீர்கள் நீங்கள். வேறு சில காட்சிகளில் கேட்டுக்காரர் சரியாக நடந்தார், ரயிலுக்குக் கொடி காட்டினார், பால்காரியைப் பார்த்துச் சிரித்தார். அதுதான் எனக்கு இடித்தது. உங்கள் முன்னால் வந்து நின்று, என் கண்ணைக் காட்டி, அவரைக் காட்டி, "இப்ப மட்டும் எப்படி?" என்று கையை விரித்தேன். நீங்கள் திரையிலிருந்து பார்வையை எடுக்காமல், "மறைக்கிறான்" என்றீர்கள். "ஊருக்குத் தெரியக் கூடாதுன்னு, தெரியிற மாதிரியே நடிக்கிறான். பழகின இடம், பழகின வேலை, கை தானாப் போகும்."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அது தீபாவளி முடிந்த கையோடு பட்டாசு ஆலைகளெல்லாம் பூட்டிக் கிடக்கும் சமயம். எதிர்வீட்டு மாரியக்காவுக்கு வேலை இல்லை. சாத்தூர் பக்கத்து ஆலைக்கு அவளோடு ஒரே வேனில் போகிற பெண்கள் நாலு பேருக்கும் வேலை இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து படம் போட்டபோது, "சிஸ்டரம்மா சிரிக்கிற சத்தம் தெரு முக்கு வரைக்கும் கேக்குது, என்ன விசேசம்?" என்று அவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வந்தவர்கள் ஆளுக்கொரு பொட்டலம் சேவோடு உட்கார்ந்துவிட்டார்கள். கடிக்கிற சத்தம் பெரிய சத்தம். தொந்தரவு இல்லாமல் படம் பார்த்தது நீங்கள் ஒருவர்தான்.

அவர்களைப் போல ஊமைப்படம் பார்க்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் வேறு எங்கும் இருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம். ஆலையில் பட்டாசு மருந்து அடைக்கும் அறைகளை நன்றாக இடைவெளி விட்டுத்தானே கட்டியிருப்பார்கள். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. கத்திக் கூப்பிட்டால் போர்மேன் திட்டுவார். அதனால் வாசலில் நின்றபடி கையாலும் புருவத்தாலும் பேசிப் பேசிப் பழகியவர்கள். இரண்டு விரலை உதட்டில் வைத்தால் டீ. இடுப்பில் கை வைத்துத் தோளைத் தூக்கினால் போர்மேன் வருகிறார். கன்னத்தைத் தட்டினால் இன்றைக்குச் சீக்கிரம் விட்டுவிடுவார்கள். திரையில் பால்காரி ஒரு முறை புருவத்தைத் தூக்கியதும் ஐந்து பேரும் சேர்ந்து, "ஆத்தாடி, இவளுக்கு அவன் மேல ஒரு இது இருக்கு!" என்றார்கள். முதல் தடவை பார்த்தபோது எனக்கு அது கடைசிக் காட்சியில்தான் புரிந்திருந்தது.

அந்தக் கடைசிக் காட்சி. ஊரே கூடி நிற்கிறது. மணி கிடைத்துவிட்டது. கேட்டுக்காரர் அத்தனை பேர் முன்னாலும் மறுபடி அதே கழுதை மேல் முட்டி விழுகிறார். ஊர் சிரிக்கிறது. அவர் எழுந்து, தூசியைத் தட்டிவிட்டு, அவரும் சிரிக்கிறார். பால்காரி வந்து அவர் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகிறாள். மாரியக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். படம் முடிந்தது. நீங்கள் எழுந்து டிவிக்கு முன்னால் வந்து எங்களைப் பார்த்து நின்றீர்கள்.

"எனக்குக் காது கேக்கல" என்றீர்கள். "ரெண்டு வருசமாச்சு. யாரும் கத்தாதீக. கத்தினா இன்னும் கேக்காது. மொகத்தைப் பாத்து மெதுவாச் சொல்லுங்க, நான் உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்கிடுவேன்."

மாரியக்காதான் முதலில் அசைந்தாள். உங்கள் முகத்துக்கு நேரே வந்து நின்று, இரண்டு விரலை உதட்டில் வைத்தாள். நீங்கள் ஒரு கணம் பார்த்தீர்கள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, "என்ன உக்காந்திருக்கீக? வந்தவங்களுக்கு டீ போடச் சொல்லுதால்ல!" என்று ஒரு அதட்டல் போட்டீர்கள். அண்ணன் அடுப்படிக்கு ஓடிய ஓட்டத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

கட்டில் பின் ரூமிலேயே கிடந்தது. நீங்கள்தான் அங்கே இல்லை. அந்த மாதம் முழுக்க முன் ரூமில் ஆலைப் பெண்களிடம் கைப்பேச்சு கற்றுக்கொண்டீர்கள். பதிலுக்கு அவர்கள் பிள்ளைகளுக்கு எப்போது என்ன ஊசி போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தீர்கள். கல்யாண வீடுகளுக்குப் போனீர்கள். போன இடத்திலெல்லாம் முதல் வேலையாக, "எனக்குக் காது கேக்காது, இப்படி முன்னால வந்து பேசுங்க" என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டீர்கள். ஒரு மண்டபத்தில் சாம்பார் வாளிக்காரரிடமும் அதைச் சொல்லி, அவர் பயந்துபோய் இரண்டு கரண்டி அதிகம் ஊற்றியதை வீட்டுக்கு வந்து நடித்தே காட்டினீர்கள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

கிறிஸ்துமஸுக்குப் பியூலா வந்தாள். எல்லாரும் கூடி உட்கார்ந்தோம். கேட்டுக்காரர் படத்தைப் பெருமையோடு போட்டேன். திருடன் மணியோடு வந்ததும் அவள், "சித்தப்பா, கலர் எங்க?" என்றாள்.

"அதை நான் சரி பண்ணிட்டேம்மா. சயன் தூக்கலா இருந்துச்சு."

அவள் ரிமோட்டை வாங்கிக் கலரை ஏற்றினாள். திரை நீலமாகியது. "இது ராத்திரி" என்றாள். "அந்தக் காலத்துல ராத்திரியில படம் எடுக்க முடியாது. பகல்ல எடுத்துட்டு, ஃபிலிமை நீலச் சாயத்துல முக்கிடுவாங்க. நீலம்னா ராத்திரி, மஞ்சள்னா விளக்கு வெளிச்சம். பழைய சுருள்ல ஒட்டியிருந்த சாயத்தைத் தேடிக் கண்டுபிடிச்சு இதுல திரும்ப ஏத்தியிருக்காங்க. எத்தனை பேர் எத்தனை மாசம் பாத்த வேலை தெரியுமா?"

திருடன் லாந்தரோடு நடந்தான். கேட்டுக்காரர் இருட்டில் தடவினார். போலீஸ்காரன் இருட்டில் முட்டினான். குடியும் இல்லை, பனியும் இல்லை, புரையும் இல்லை. எல்லாம் ராத்திரி. ஒரு ராத்திரியை மொத்தமாகப் பகலாக்கிப் பத்துப் பேரை அழவிட்டிருந்தேன். பெரிய கலர் மாஸ்டர். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று இருந்தது. பியூலா உங்கள் முகத்துக்கு நேரே திரும்பி, மெதுவாக, எல்லாவற்றையும் இன்னொரு தடவை சொன்னாள்.

நீங்கள் அவள் உதட்டைப் பார்த்து முடித்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். அடுத்து நீங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, மைனி! நாற்காலி கிறீச்சிட்டது, கண்ணில் தண்ணீர் வந்தது, இருமல் வந்தது, பியூலா முதுகைத் தடவினாள். அடங்கியதும் கையை நீட்டி ரிமோட்டை வாங்கினீர்கள்.

"இங்க பாருங்க கொளுந்தனாரே. அவன் கண்ணு தெரியாதவன்னு நினைச்சுத்தான் நான் அன்னைக்கு எந்திரிச்சு நின்னேன். கழுதை மேல முட்டிட்டு அவனே சிரிக்கான், எனக்கு மட்டும் என்ன வெக்கம்னு தோணுச்சு. நீங்க கலரைப் பிடுங்கலன்னா நான் இன்னும் பின் ரூம்லதான் கிடந்திருப்பேன்." கலரை நீங்களே பூஜ்யத்துக்கு இறக்கினீர்கள். "நம்ம வீட்டுல அவனுக்குக் கண்ணு தெரியாது. அம்புட்டுத்தான்."

மாரியக்கா கை தட்டினாள். பியூலா தலையில் கை வைத்துக்கொண்டாள். என் தப்புக்கு நன்றி சொன்ன ஒரே ஆள் இந்த உலகத்தில் நீங்கள்தான். அச்சகத்தில் இந்தக் கதை பரவிய பிறகு அங்கே எனக்குக் கிடைத்தது வேறு. புரூஃப் தாளில் நீலம் லேசாகத் தூக்கினாலும் பையன்கள் அதைப் பிடித்துக்கொண்டு வந்து, "அண்ணாச்சி, இது ராத்திரியா, பகலா?" என்று முகத்தை வெகு பவ்வியமாக வைத்துக்கொண்டு கேட்பார்கள். இன்றைக்கும் கேட்கிறார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு தீபாவளி உங்களோடு கிடைத்தது. அந்தக் கடைசி அடைமழையில் நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது மாரியக்கா கட்டில் ஓரத்தில் வந்து நின்றாள். நீங்கள் பேச முடியாமல் கன்னத்தை ஒரு தட்டு தட்டினீர்கள். நான் அர்த்தம் கேட்டதற்கு அவள் சொல்லவில்லை. எனக்கும் அந்தப் பாஷை கொஞ்சம் தெரியும் என்பதை அவள் மறந்துவிட்டாள். சீக்கிரம் விட்டுவிடப்போகிறார்கள் என்று சொன்னீர்கள். நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. உங்களை நினைக்காமல் குக்கர் விசிலை எங்களால் எண்ண முடியவில்லை.

இனி இந்த ஞாயிற்றுக்கிழமை. புதுப் பிரதியை எல்லாரும் சேர்ந்து பார்த்தோம். பியூலாவின் சொல்லுக்கு மரியாதை கொடுத்து முதலில் கலரோடு போட்டேன். ஒன்று சொல்ல வேண்டும், மைனி. அந்த நீலம் என்ன நீலம்! இருட்டும் தெரிகிறது, இருட்டுக்குள் ஒவ்வொரு ஆளும் தெரிகிறான். இப்படி ஒரு நீலத்தை நான் ஒரு நாளும் தாளில் கொண்டுவந்ததில்லை. அதைச் செய்தவர் எங்கிருந்தாலும் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்பேன். படம் முடிந்ததும் மாரியக்கா, "நல்லாத்தான் இருக்கு. இப்ப நம்ம படத்தைப் போடுங்க அண்ணாச்சி" என்றாள். கலரை இறக்கினேன். கண் தெரியாத நம் கேட்டுக்காரர் வந்தார், கழுதைக்கு வணக்கம் வைத்தார், ஊர் முன்னால் விழுந்தார், எழுந்தார், சிரித்தார். சேவு கடிபட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் எனக்கு ஒரு காதில் மட்டும்தான் கேட்டது.

இந்தக் கடிதத்தின் உண்மையான காரணத்துக்கு வந்துவிட்டேன். முப்பது வருஷம் ஓடுகிற மிஷின் பக்கத்தில் நின்ற காது, மைனி. இடது பக்கம் ஒன்றரை வருஷமாகவே மங்கல். வீட்டுக்காரியிடம் சொல்லவில்லை. அண்ணனிடம் சொல்லவில்லை. அச்சகத்தில் யாராவது இடது பக்கமிருந்து பேசினால் பேப்பரைப் பார்க்கிற பாவனையில் உடம்பையே திருப்பிக்கொள்வேன். எல்லாம் தெரிந்தே செய்தேன். இரண்டு வருஷம் மறைத்து நீங்கள் என்ன பாடுபட்டீர்கள் என்று பக்கத்திலிருந்து பார்த்தவன், அதையே ஒரு எழுத்து விடாமல் செய்துகொண்டிருந்தேன்.

படம் முடிந்தது. என் கால் தானாக எழுந்துவிட்டது. டிவிக்கு முன்னால் போய் நின்றேன். "எனக்கு இந்தக் காது..." என்று தொடங்கி, மேலே வராமல், இடது காதைத் தொட்டுக் கையை விரித்தேன்.

ஒருவரும் திடுக்கிடவில்லை. அண்ணன் சேவைக் கடித்துக்கொண்டே, "இதைச் சொல்லத்தான் இம்புட்டு நாளாலே?" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெருவுக்கே தெரியும் அண்ணாச்சி" என்றாள் மாரியக்கா. "பின்ன எதுக்கு ஒரு வருசமா உங்களை அந்த இடது ஓரத்து நாற்காலியிலேயே உக்கார வைக்கோம்? நல்ல காது எங்க பக்கம் இருக்கட்டும்னுதான்."

என் வீட்டுக்காரி என்னைப் பார்க்காமல் சேவுப் பொட்டலத்தை மடித்துக்கொண்டிருந்தாள். முதலில் என் நாற்காலியை அங்கே இழுத்துப் போட்டது யார் என்று எனக்கு விளங்கிவிட்டது.

அந்த நாற்காலியை இத்தனை நாளும், ரிமோட் பிடிக்கிறவனுக்கு இவர்கள் கொடுக்கும் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மைனி. போய் மறுபடி அதிலேயே உட்கார்ந்தேன். எல்லாரும் என் வலது பக்கம் இருந்தார்கள். அவர்கள் பேசியது முழுக்கக் கேட்டது.